புண்படாத புத்தகங்கள்

எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் திறக்கப் போகிறார்கள். மண்டைக்காடு அம்மன் கோவிலிலிருந்து சைக்கிளை மிதித்தால் பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம். ஓட்டுக் கூரை, இரண்டு ஜன்னல், ஓர் இரும்பு அலமாரி. பொடியன்கள் தாங்களே வெள்ளையடித்தார்கள். புத்தகம் வாங்கக் காசில்லை. அதைத் தருகிறோம் என்று ஒரு குழு முன்வந்தது. கோவில் பக்கத்துப் பெரியவர்களும் சபைப் பக்கத்துப் பெரியவர்களும் சேர்ந்த குழு. நூற்றுச்சொச்சம் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். மேலே தலைப்பு: உள்ளத்தை உயர்த்தும், எம்மதத்தையும் புண்படுத்தாத நூல்கள்.

அந்தப் பட்டியலை என்னிடம் கொண்டுவந்தவர் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் எடுத்த சார். “நீ தமிழ் எம்.ஏ. படிச்ச பிள்ளையில்லா மக்கா, ஒரு வாசகியா ஒன் அபிப்பிராயத்த எழுதிக் குடு” என்றார். எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “இது மண்டைக்காடு, கேட்டியா? பாத்துதான் எழுதணும்” என்றார். பார்த்துத்தான் எழுதினேன் சார். அந்த அபிப்பிராயத்தை இன்னும் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இது எங்கள் தெரு அலமாரியோடு முடிகிற காரியமில்லை என்பதால்.

பட்டியலில் என்ன இருந்தது? தன்னம்பிக்கைப் புத்தகங்கள் இருந்தன. ஆழ்வார், நாயன்மார் கதைகள், கத்தோலிக்கப் புனிதர் சரித்திரங்கள், நபிகள் வரலாறு இருந்தன. கண்ணதாசனின் ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ இருந்தது. கோவிலுக்கு ஒன்று கொடுத்தாயிற்று, சபைக்கு ஒன்று வேண்டாமா? அதே கண்ணதாசனின் ‘இயேசு காவியம்’ அடுத்த வரியில் இருந்தது. தராசில் நிறுத்துப் போட்ட மாதிரி ஒரு பட்டியல். அம்பேத்கரும் உண்டு, சட்டமேதை என்று சிறுவர்களுக்கு எழுதிய ஒல்லிப் புத்தகமாக. அவர் எழுதியது ஒரு வரியும் கிடையாது.

நான் சேர்க்கச் சொன்னவை நான்கு. பாமாவின் ‘கருக்கு’. அம்பேத்கர் தொகுதிகளில் மதத்தையும் சாதியையும் பற்றியவை. 1999ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் வெளியிட்ட ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. நான்கையும் தள்ளிவிட்டார்கள். ‘கருக்கு’ சபைக்காரர் மனத்தைப் புண்படுத்துமாம். அம்பேத்கர் கோவில்காரர் மனத்தைப் புண்படுத்துவாராம். மற்ற இரண்டும் எதற்கு வீண் வம்பு என்று போய்விட்டன. எத்தனையோ கூட்டங்களில் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு தரப்பும் ஒரே குரலில் பேசியது இந்த இடத்தில்தான். எங்கள் புத்தகம் என்று வரும்போது மட்டும் மதங்களுக்கிடையே எவ்வளவு ஒற்றுமை!

மண்டைக்காடு என்றால் பாத்து எழுத வேண்டும் என்று சார் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1982 மார்ச் 1, மாசிக் கொடை நேரம். இந்துக்களுக்கும் கடற்கரைக் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் மூண்ட மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மீனவர் ஆறு பேர் செத்தார்கள். பிறகு கடலோர ஊர்களில் வெட்டும் தீவைப்பும் பரவின. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரண்டு தரப்போடும் பேசினார். நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. நான் பிறப்பதற்கு முந்திய சங்கதிகள் இவை. என் அம்மாவுக்கு அவை நேற்று நடந்தவை. “அந்த மாசியில கதவச் சாத்திக்கிட்டு இருந்தோம். எந்தப் பக்கத்து ஆளுன்னு யாராவது கேட்டா என்ன சொல்லணும்னு ஒங்க தாத்தா எங்களுக்குச் சொல்லித் தந்தாவ. கோவில்காரன் கேட்டா ஒரு பதிலு, சபைக்காரன் கேட்டா ஒரு பதிலு.” எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. அப்பா வழியில் அம்மனுக்குப் பொங்கல் விடுவார்கள், மண்டையப்பம் வைப்பார்கள். அம்மா வழியில் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவார்கள். சாம்பவர் வீடுகளில் இது அதிசயமில்லை.

ஆகவே சமாதானத்தைக் கேலி செய்ய நான் வரவில்லை. அதன் விலை எனக்குத் தெரியும். ஆனால் சமாதானம் என்று ஒப்புக்கொண்டது எதை? எம்மதமும் சம்மதம் என்பதை. மேடையில் ஒரு பட்டர், ஒரு பாதிரியார், ஒரு இமாம், மூன்று பேர் கையும் சேர்ந்திருக்கும் ஒரு படம். இந்தப் படத்தில் சாதி எங்கே நிற்கிறது? இரண்டு மதத்திலும் பின்வரிசையில் நிற்கிறவன் எங்கே நிற்கிறான்? மதங்களுக்குள் சண்டை வராமலிருக்க, மதங்களுக்குள்ளே இருக்கும் சாதியைப் பேசாதிருப்பது என்று யாரோ எங்களைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மதம் புண்படக்கூடாது என்று சொல்லும்போது சாதி புண்படக்கூடாது என்பதைத்தான் சொல்கிறார்கள். என் அபிப்பிராயத்தின் சாரம் இதுதான். மீதியெல்லாம் இதற்கு உதாரணம்.

முதல் உதாரணம் அவர்கள் பட்டியலிலேயே இருக்கிறது: நந்தனார் கதை. உள்ளத்தை உயர்த்துமாம். தமிழ் எம்.ஏ. வகுப்பில் பெரியபுராணம் எனக்குப் பாடம். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் நந்தனார். கோவில் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். தில்லை எல்லைவரை வருகிறார், உள்ளே வர முடியவில்லை. தீயில் மூழ்கி எழுகிறார். எழும்போது எப்படி எழுகிறார்? மார்பில் பூணூல் போட்ட முனிவராக. அதற்குப் பிறகே உள்ளே போகிறார். கோவிலுக்குள் போனது யார் என்று வகுப்பில் கேட்டேன். போனது நந்தனாரா, பூணூலா? வகுப்பில் சிரித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதைக் கீர்த்தனையாகப் பாடியபோது, பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் பண்ணையாரைக் கொண்டுவந்து சேர்த்தார். அவரளவுக்காவது அடிக்கிறவனுக்கு ஒரு முகம் கிடைத்தது. படிப்பகத்துக்கு வந்த சிறுவர் பதிப்பைப் புரட்டினேன். அதில் வேதியரும் இல்லை, புலைப்பாடியும் இல்லை. ‘எளிய குலத்தில் பிறந்த பக்தர்’ ஒருவர் ‘இறைவனோடு கலக்கிறார்’. ஒரு மனிதனை நெருப்பில் இறக்கிய கதையில் நெருப்பு மூட்டியவன் யாரென்று குழந்தைக்குத் தெரியக்கூடாது. இதுதான் புண்படுத்தாத புத்தகம்.

இனி அதே சிதம்பரப் பாதையில் நடந்த இன்னொரு ஆளைச் சொல்கிறேன். இந்தக் குமரி மாவட்டத்து ஆள். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், பறையர். சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டவர். அந்தப் பயணத்தில் தஞ்சாவூரில் கோலாஃப் பாதிரியாரின் பிரசங்கத்தைக் கேட்டு, கிறிஸ்தவராகி, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். அவர் கூப்பிட்டதால்தான் 1806ல் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழி தாண்டி மயிலாடிக்கு வந்தார். 1809ல் அங்கே ஆலயம் எழுந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. பிறகு மீட் காலத்தில் நாகர்கோவிலில் அச்சுக்கூடமும் வந்தது. தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டண்ட் சபைக்கு முதல் கல்லை எடுத்துக் கொடுத்தவர் ஒரு பறையர். சிதம்பரத்துக்குக் கிளம்பிய இரண்டு பேர், ஒருவருக்கு நெருப்பு, ஒருவருக்குப் பள்ளிக்கூடம். எந்தக் கதை எங்கள் பிள்ளைகளின் உள்ளத்தை உயர்த்தும்?

ஆனால் அவசரப்பட்டுச் சபைக்காரர்கள் கை தட்டவேண்டாம். வேதமாணிக்கத்தைப் பற்றி நான் வாசித்த பக்திச் சிறுநூல்களில் அவர் கண்ட கனவு இருக்கிறது, தேவகிருபை இருக்கிறது. அவர் யார் என்பது மட்டும் இல்லை. அவருடைய சாதியைச் சொன்னால் இன்றைக்குச் சபையில் முன்வரிசையில் இருக்கிறவர்களுக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் உண்டு. யார் கூப்பிட்டு யார் வந்தது என்ற கேள்வி வரும். கூப்பிட்டவனுடைய பேரப்பிள்ளைகள் ஏன் இன்றைக்கும் பின்னால் நிற்கிறார்கள் என்ற கேள்வி அடுத்து வரும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் பிணங்களைப் பிரித்து நடுவே சுவர் எழுப்பிய கதை நாடறிந்தது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி என்ற தகுதியே இல்லை. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, இவர்களுக்குத் திறக்கவில்லை. அரசாங்கம் சொல்கிறது, கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று. கல்லறைச் சுவர் சொல்கிறது, உண்டு என்று. புனிதர் சரித்திரம் இரண்டைப் பற்றியும் வாய் திறக்காது.

கோவில் பக்கமும் இதே லட்சணம்தான். மாசிக் கொடையில் கடைகடையாக ஏறி இறங்கி நான் வாங்கி வந்த தலவரலாற்றுப் புத்தகத்தில் புற்று வளர்ந்த கதை இருக்கிறது, வலியபடுக்கை இருக்கிறது, கேரளத்திலிருந்து இருமுடி கட்டி வரும் பெண்கள் இருக்கிறார்கள். 1936 நவம்பர் 12 இல்லை. அன்றைக்குத்தான் திருவிதாங்கூர் அரசர் கோவில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். அதுவரை எங்கள் ஆட்கள் எங்கே நின்றார்கள் என்று அந்தப் புத்தகம் சொல்லவேண்டாமா? 1855 வரைக்கும் இந்தத் திருவிதாங்கூரில் புலையரும் பறையரும் அடிமைகள், விற்கலாம் வாங்கலாம். அம்மன் அப்போதும் அங்கேதான் இருந்தாள். அவளுக்குத் தெரிந்ததைப் புத்தகம் எழுதியவருக்குத் தெரியாமல் போனது எப்படி?

சார் ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி. “நாள் முழுக்க வேலை செஞ்சுட்டு அந்தியில வீட்டுக்கு வாற மனுசனுக்கு, மனசுக்கு எதமா ரெண்டு வார்த்த வேண்டாமா மக்கா? அவனுக்கும் ஆத்திரத்தையா குடுக்கணும்?” இதற்கு நான் என் பாட்டியை வைத்துத்தான் பதில் சொல்லவேண்டும். அம்மாவைப் பெற்றவள். எழுத்து தெரியாது. மூத்த மகன் செத்தபோது ஆறு மாசம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தினம் ராத்திரி அம்மா மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சங்கீதம் வாசிப்பாள், பாட்டி கேட்பாள். அந்தப் புத்தகம்தான் அவளைப் பிழைக்க வைத்தது. இதை மறுக்கிறவன் எவ்வளவு பெரிய பகுத்தறிவாளனாக இருந்தாலும் அவனோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் பாட்டி எந்தச் சங்கீதத்தைக் கேட்டாள்? ஆண்டவரே ஏன் கைவிட்டீர், இன்னும் எத்தனை நாள் என்று முறையிடுகிற சங்கீதங்களைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாளாம். “வலி இருக்குன்னு சொல்லுத பாட்டத்தான் கேக்கணும்னு இருக்கும். எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுத பாட்டு எனக்கு என்னத்துக்கு?” இன்றைக்குக் குழு தருகிற தினத்தியானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மேய்ப்பனும் புல்வெளியும் இருக்கிறது. முறையீடு ஒன்றுகூட இல்லை. யாத்திராகமத்தில் அடிமைகள் ராஜாவை எதிர்த்து நாட்டைவிட்டே கிளம்புகிறார்கள். தியானப் புத்தகத்தில் அவர்கள் பொறுமையாக இருக்கிறார்கள்.

இந்த மண்ணிலேயே பிறந்த ‘அகிலத்திரட்டு அம்மானை’யைப் பாருங்கள். 1841ல் எழுதப்பட்டது என்பது அதன் மரபு. வைகுண்டரின் மக்களுக்கு அது வேதம். அதில் திருவிதாங்கூர் அரசன் கலிநீசன். தலைக்கும் பனைக்கும் போட்ட வரிகளும், கூலியில்லா ஊழியமும் அதில் வரிசையாக வருகின்றன. சாமித்தோப்பில் ஒரே கிணற்றில் தண்ணீர், ஒரே பந்தியில் சோறு, தலையில் பாகை என்று நடந்த இயக்கம் அது. அதற்காகத்தான் வைகுண்டரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். இப்போது கடையில் கிடைக்கிற அய்யா வழிச் சிறுநூல் ஒன்றை வாசித்தேன். அய்யா அன்பு செய்யச் சொன்னார் என்று இருக்கிறது. வரி எங்கே? சிறை எங்கே? அன்பு செய்யச் சொன்னவரை எந்த ராஜா சிறையில் போடுவான்?

அப்படியானால் பாருங்கள். மதத்துக்கு இதமான புத்தகம் என்பது மதத்தைவிடச் சின்னது. வேதத்தில் இருக்கிற கூப்பாட்டை வெட்டி, அம்மானையில் இருக்கிற கோபத்தை வெட்டி, வெட்டின மிச்சத்தைத்தான் நமக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். நம் ஆட்களின் நம்பிக்கையை அவமதிப்பது நானா, இந்தக் குழுவா?

உயர்த்துவது என்ற வார்த்தையைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே கேட்டுவிட்டார். 1956ல் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையில் அது இருக்கிறது. அவர் உயிரோடிருந்தவரை அச்சாகாத முன்னுரை. அப்பா ராம்ஜி, கபீர் பந்தி. பிள்ளைகளைத் தினமும் ராமாயணமும் மகாபாரதமும் வாசிக்க வைப்பார். பிராமணரையும் சத்திரியரையும் உயர்த்தி, சூத்திரரையும் தீண்டத்தகாதவரையும் தாழ்த்துகிற நூல்களை ஏன் வாசிக்கச் சொல்கிறீர்கள் என்று மகன் கேட்கிறான். நாம் தீண்டத்தகாதவர்கள், உனக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிடும், அதைப் போக்கத்தான் என்கிறார் அப்பா. துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து உயரவில்லையா, கோலி குலத்து வால்மீகி ராமாயணமே எழுதவில்லையா என்கிறார். மகன் ஒப்பவில்லை. துரோணரும் பீஷ்மரும் கிருஷ்ணனும் தனக்குப் பிடிக்கவில்லை, ராமன் வாலியிடமும் சீதையிடமும் நடந்துகொண்டதும் பிடிக்கவில்லை என்கிறான். பள்ளிப் பரீட்சையில் தேறியதற்கு எடுத்த பாராட்டுக் கூட்டத்தில் தாதா கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அந்தப் பையனுக்குப் பரிசாகக் கொடுக்கிறார். அந்தப் புத்தகம் அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது நமக்குத் தெரியும். அதுவும் மதப் புத்தகம்தான் தோழர்களே. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? முதலாவது, நீயும் எங்களில் ஒருவனைப் போல ஆகலாம் என்று ஆசை காட்டுகிறது. இரண்டாவது, யாரும் யாருக்கும் கீழே இல்லை என்ற இடத்திலிருந்து பேச ஆரம்பிக்கிறது.

தன்னம்பிக்கைப் புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முயன்றால் முடியும், நினைத்தால் நடக்கும், தடைகள் உன் மனத்தில் இருக்கின்றன என்கின்றன. எங்கள் தெருவிலிருந்து பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு வாடகைக்கு வீடு தர மறுத்தவர் அவளுடைய மனத்திலா இருந்தார்? உள்ளத்தை உயர்த்தவேண்டியது அவளுக்கா, அந்த வீட்டுக்காரருக்கா? சாதி இந்துவின் வீட்டு அலமாரிக்கும் சாதிக் கிறிஸ்தவரின் வீட்டு அலமாரிக்கும் உள்ளத்தை உயர்த்தும் நூல்கள் என்று யாராவது பட்டியல் போட்டதுண்டா? அங்கேதான் முதலில் தேவை.

‘கருக்கு’ சபையைப் புண்படுத்துமென்று தள்ளினார்களே, அது என்ன புத்தகம்? 1992ல் வந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதியைப் பார்த்து வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் வாழ்க்கை. கருக்கு என்றால் என்னவென்று குமரி மாவட்டத்துக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. பனைமட்டையில் இரண்டு பக்கமும் இருக்கும் பல். வேதத்தில் வரும் இருபுறமும் கூரான வாளோடு அதைப் பொருத்திக் காட்டியவர் பாமா. விசுவாசமில்லாதவள் எழுதுகிற எழுத்தா அது? ‘கோவேறு கழுதை’களின் ஆரோக்கியம் பறையர் வீட்டு அழுக்கை வெளுக்கிற வண்ணாத்தி. மகனைச் சாமியாராக்கிப் பார்க்க ஆசைப்பட்டவள். அந்த நாவல் கோவிலையும் சபையையும் தாண்டி எங்களையே குத்துகிறது. எங்கள் தெரு ஆட்கள் தங்களுக்குக் கீழே வைத்தவளைப் பற்றி எங்களிடமே கேட்கிறது. அதனால் எங்கள் மனமும் புண்படும். படட்டும். அதையும் அலமாரியில் வைக்கத்தான் சொல்கிறேன். மற்றவர் புண்படலாம், நாங்கள் படமாட்டோம் என்று சொல்ல எங்களுக்கும் உரிமையில்லை.

என் கோரிக்கை பெரிதல்ல. குழுவின் பட்டியலில் ஒரு புத்தகத்தையும் நீக்கச் சொல்லவில்லை. நந்தனார் கதை வரட்டும், அதற்குப் பக்கத்தில் வேதமாணிக்கத்தின் கதையை அவருடைய சாதியோடு வையுங்கள். சட்டமேதை வரட்டும், பக்கத்தில் அவர் எழுதியவை இருக்கட்டும். தினத்தியானம் வரட்டும், பக்கத்தில் முழு வேதாகமமும் முழு அகிலத்திரட்டும் ‘கருக்கு’ம் இருக்கட்டும். பிள்ளைகள் எடுத்து வாசித்து அவர்களே அபிப்பிராயம் சொல்லட்டும். இதற்குச் சம்மதமில்லையென்றால் குழுவின் புத்தகம் வேண்டாம் என்று பொடியன்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்குள் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. “வாற புஸ்தகத்த ஏங்க்கா வேண்டாங்கிய” என்று ஒருவன் கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. வெறும் அலமாரியைக் காட்டித்தானே கேட்கிறான்.

அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நான் சொன்ன நான்கில் ஏதாவது ஒன்று உங்களிடம் இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. சார், பட்டியலில் கையெழுத்துப் போடும் இடத்தை நான் காலியாகத்தான் வைத்திருக்கிறேன். குழு மனம் மாறினால் சொல்லியனுப்புங்கள், அன்றைக்கே வந்து போட்டுத் தருகிறேன்.